பூட்டிய பள்ளியிலும் மீட்டர் ஓடுகிறதா? மின்கட்டணத்தைக் குறைக்க முதல் படி அளந்து பார்ப்பதே

சிரம்பான்: நெகிரி செம்பிலானில் 61 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. சுவா பெத்தோங், லின்சம், பிராட்வால், ரிஜண்ட், கெடிஸ், ஜெராம் பாடாங் என அவற்றில் பல இன்றும் தோட்டத்தின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. தோட்ட மக்கள் சிரம்பான், நீலாய், பகாவ் போன்ற பட்டணங்களுக்குக் குடிபெயர்ந்த பிறகும் தோட்டத்தில் எஞ்சி நிற்கும் பொதுக் கட்டடங்கள் பள்ளியும் கோயிலும் மண்டபமும்தான்.

ஆள் குறைந்தால் மின்கட்டணமும் குறையும் என்று நினைப்பது இயல்பு. நடப்பு வேறு. 90 மாணவர்கள் படித்த பள்ளியில் இன்று 45 பேர் படித்தாலும் வராந்தா விளக்கு அதே நேரம்தான் எரிகிறது. தண்ணீர் பம்பு, குளிர்பதனப் பெட்டி, கணினி அறைக் குளிர்சாதனம் எதுவும் தலைகளை எண்ணி ஓடுவதில்லை. கோயிலுக்கு வரும் குடும்பங்கள் குறையும்போது அதே கட்டணத்தை மிகச் சிலரே சுமக்க வேண்டியுள்ளது.

இந்தச் சுமையைக் குறைக்கப் பலரும் முதலில் நினைப்பது சூரியத் தகடு, புதிய விளக்கு, புதிய குளிர்சாதனம் என்று பொருள் வாங்குவதைத்தான். ஆனால் மின்சாரம் எங்கே, எந்த நேரத்தில் செலவாகிறது என்று தெரியாமல் வாங்கினால் வேண்டாத இடத்தில் பணம் போய்விடும். அளந்து பார்ப்பதற்குக் காசு தேவையில்லை.

யூனிட் கணக்கு

தெனாகா நேஷனல் அனுப்பும் கட்டண அறிக்கையில் கிலோவாட் மணி என்று குறிப்பிடப்படுவதைத்தான் நாம் யூனிட் என்கிறோம். 1,000 வாட் சக்தியுள்ள ஒரு கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 20 வாட் எல்இடி விளக்கு 50 மணி நேரம் எரிந்தாலும் அதே ஒரு யூனிட்தான். ஆக, செலவைத் தீர்மானிப்பவை இரண்டு: கருவியின் சக்தி, அது ஓடும் நேரம். சக்தியைக் குறைக்கப் புதிய கருவி வாங்க வேண்டும். நேரத்தைக் குறைக்கக் கவனம் மட்டும் போதும்.

தீபகற்ப மலேசியாவில் 2025 ஜூலை 1 முதல் புதிய கட்டண முறை நடப்பில் உள்ளது. சராசரி அடிப்படைக் கட்டணம் யூனிட்டுக்கு 45.40 சென். கட்டட வகைக்கும் பயன்பாட்டுக்கும் ஏற்ப ஒவ்வொருவர் செலுத்தும் தொகையும் மாறும். கீழே வரும் கணக்குகள் எளிதாகப் புரிவதற்காக யூனிட்டுக்கு 50 சென் என்று வைத்துக்கொள்வோம்.

பூட்டிய கட்டடம் காட்டும் உண்மை

ஒரு பள்ளியை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்குப் பள்ளியைப் பூட்டும்போது மீட்டரில் 48,210 என்று இருக்கிறது. திங்கள் காலை 7 மணிக்குத் திறக்கும்போது 48,272. இடைப்பட்டது 62 மணி நேரம், செலவானது 62 யூனிட். அதாவது, பள்ளியில் ஒருவரும் இல்லாத நேரத்தில் 1,000 வாட் இடைவிடாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஓர் ஆண்டுக்கு 8,760 மணி நேரம். பள்ளி நாட்கள் ஏறக்குறைய 190, நாளுக்கு 9 மணி நேரம் என்று கொண்டால் பள்ளி திறந்திருப்பது 1,710 மணி நேரம்தான். மீதி 7,000 மணி நேரம் பள்ளி பூட்டித்தான் கிடக்கிறது. அந்த நேரத்தில் 1,000 வாட் ஓடினால் ஆண்டுக்கு 7,000 யூனிட், அதாவது 3,500 வெள்ளி. இதில் காவலுக்கான விளக்கும் கண்காணிப்புக் கேமராவும் தேவைதான். காலியான குளிர்பதனப் பெட்டி, இரவெல்லாம் தண்ணீரைச் சூடாக்கியும் குளிர்வித்தும் கொண்டிருக்கும் குடிநீர் இயந்திரம், அணைக்காமல் விட்ட கணினிகள், கசியும் குழாயால் அடிக்கடி ஓடும் பம்பு ஆகியவை தேவையில்லை.

இப்படி ஆளில்லாத நேரத்தில் ஓடும் மின்சாரம் மாதக் கட்டண அறிக்கையில் தனியாகத் தெரியாது. பூட்டும்போதும் திறக்கும்போதும் மீட்டரைப் பார்த்தால் மட்டுமே பிடிபடும்.

புத்ராஜெயா காட்டிய வழி

அளந்து சேமிப்பது நம் நாட்டுக்குப் புதிதல்ல. 2004இல் புத்ராஜெயாவில் எரிசக்தி, நீர், தொலைத்தொடர்பு அமைச்சுக்குக் குறைந்த மின்சக்தி அலுவலகம் ஒன்று கட்டப்பட்டது. டென்மார்க் அரசின் தொழில்நுட்ப உதவியுடன் எழுந்த இக்கட்டடத்தின் இலக்கு, ஒரு சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 100 யூனிட். அக்காலத்தில் வழக்கமான அலுவலகக் கட்டடங்கள் 200 யூனிட்டுக்கும் மேல் செலவழித்தன. பின்னர் 2010இல் எழுந்த எரிசக்தி ஆணையத்தின் வைரக் கட்டடம் 70 யூனிட் அளவுக்கு இறங்கிக் காட்டியது.

வெயில் நேரடியாக விழாத சுவர்களும், பகல் வெளிச்சத்தை உள்ளே கொண்டுவரும் அமைப்பும் இதற்குக் காரணம். விளக்கு, குளிர்சாதனம் என ஒவ்வொன்றின் செலவையும் பார்த்துப் பார்த்துச் சரிசெய்ததும் முக்கியக் காரணம். அரசு அலுவலகங்களில் குளிர்சாதனத்தை 24 பாகை செல்சியசுக்குக் கீழே வைக்கக் கூடாது என்ற உத்தரவு 2011இல் வந்தது. பள்ளி ஆசிரியர் அறைக்கும் கணினி அறைக்கும் அது பொருத்தமான அளவுதான்.

காற்றாடியில் இயங்கும் தோட்டப் பள்ளியை இந்தக் கட்டடங்களோடு ஒப்பிட வேண்டியதில்லை. ஆண்டுக்கு 24,000 யூனிட் செலவழிக்கும், 800 சதுர மீட்டர் பரப்புள்ள ஒரு பள்ளியின் அளவு 30தான். பள்ளி தன்னுடைய சென்ற ஆண்டுக் கணக்கோடு தன்னை ஒப்பிட்டுப் பார்ப்பதே பயன் தரும்.

சட்டம் யாருக்கு?

2024ஆம் ஆண்டு எரிசக்தி செயல்திறன், சேமிப்புச் சட்டம் 2025 ஜனவரி 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது. ஆண்டுக்கு 21,600 கிகாஜூல், அதாவது 60 லட்சம் யூனிட்டுக்குச் சமமான எரிசக்தியைப் பயன்படுத்துவோர் பதிவு பெற்ற எரிசக்தி மேலாளரை நியமிக்க வேண்டும். 8,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் பரப்புள்ள அலுவலகக் கட்டடங்கள் எரிசக்தி முத்திரை பெற வேண்டும்.

தோட்டப் பள்ளியும் கோயிலும் இந்த வரம்புக்கு அருகில்கூட இல்லை. ஆகவே கணக்குக் கேட்டு எந்த அதிகாரியும் வரமாட்டார். பள்ளி வாரியம், பெற்றோர் ஆசிரியர் சங்கம், ஆலய நிர்வாகம் ஆகியோர் தாங்களே முன்வந்தால்தான் உண்டு.

ஒரு நோட்டுப் புத்தகம் போதும்

தொடங்குவதற்குத் தேவையானது ஒரு நோட்டும் பேனாவும்.

• கடந்த 12 மாதக் கட்டண அறிக்கைகளைத் திரட்டி, வெள்ளியை விட்டுவிட்டு யூனிட்டை மட்டும் மாதவாரியாக எழுதுங்கள். கட்டண விகிதம் மாறினாலும் யூனிட் கணக்கு குழப்பாது.

• ஏதாவது ஒரு மாதம் மதிப்பீட்டு அளவீடாக இருந்தால் குறித்து வையுங்கள். அது உண்மைச் செலவைக் காட்டாது.

• நான்கு வாரங்களுக்கு, நாள்தோறும் திறக்கும் நேரத்திலும் பூட்டும் நேரத்திலும் மீட்டரைப் பார்த்து எழுதுங்கள். ஸ்மார்ட் மீட்டர் பொருத்தப்பட்ட இடங்களில் மைடிஎன்பி செயலியிலேயே அன்றாடச் செலவைப் பார்க்கலாம்.

• ஒவ்வோர் அறையிலும் உள்ள கருவி, வாட், ஓடும் நேரம் ஆகியவற்றைப் பட்டியலிடுங்கள். பட்டியலின் கூட்டுத்தொகையும் மீட்டர் கணக்கும் பெரிதும் வேறுபட்டால் எதுவோ விடுபட்டிருக்கிறது.

• ஒரு நேரத்தில் ஒரு மாற்றத்தை மட்டும் செய்யுங்கள். அடுத்த இரண்டு வாரம் அளந்தால் அந்த மாற்றம் எவ்வளவு மிச்சம் தந்தது என்று தெரியும்.

பள்ளியில் இந்தப் பொறுப்பை நான்காம், ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம் ஆசிரியர் மேற்பார்வையில் கொடுக்கலாம். கழித்தல், சராசரி, பட்டைக்குறிவரைவு ஆகிய கணிதப் பாடங்களுக்குச் சொந்தப் பள்ளியின் மீட்டரே பயிற்சியாகும். வகுப்பில் கற்றதைப் பிள்ளைகள் வீட்டுக் கட்டணத்திலும் கணக்குப் பார்க்கத் தொடங்குவர்.

கோயில் கணக்கு

கோயிலில் பெரும் செலவு வெளிவிளக்குகள். 400 வாட் பழைய வகை விளக்குகள் நான்கு, இரவு 12 மணி நேரம் எரிந்தால் மாதத்திற்கு 576 யூனிட், அதாவது 288 வெள்ளி. அதே இடத்தில் 150 வாட் எல்இடி விளக்குகள் நான்கு பொருத்தினால் 216 யூனிட், 108 வெள்ளி. மாதம் 180 வெள்ளி மிச்சமாகும். நடை சாத்தியபின் காவலுக்கு ஒரு விளக்கு மட்டும் போதுமென்றால் செலவு இன்னும் குறையும்.

திருவிழா மாதத்தைத் தனியாக வைத்துப் பார்க்க வேண்டும். ஆடித் திருவிழாவில் சீரியல் விளக்கும் ஒலிபெருக்கியும் ஓடுவது தேவை கருதியே. ஆனால் திருவிழா முடிந்த அடுத்த மாதமும் யூனிட் இறங்காவிட்டால் எதையோ அணைக்க மறந்திருக்கிறார்கள் என்று பொருள். மண்டபத்தை விருந்துக்கு வாடகைக்கு விடும்போது தொடக்கத்திலும் முடிவிலும் மீட்டரைக் குறித்தால், வாடகையில் மின்செலவுக்கு எவ்வளவு சேர்ப்பது என்ற வாக்குவாதமும் தீரும்.

கவனிக்க வேண்டியவை

மீட்டரைப் பார்க்கலாம், திறக்கக் கூடாது. மின்பலகையில் கூடுதல் மீட்டர் பொருத்துவதாக இருந்தால் எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற மின்கம்பியாளரிடமே வேலையைக் கொடுக்க வேண்டும். பழைய மரக் கட்டடங்களில் கம்பிகளும் பழையவை. சூடேறும் சுவிட்ச், அடிக்கடி விழும் பிரேக்கர் ஆகியவை தெரிந்தால் சேமிப்பை ஒதுக்கிவைத்துவிட்டு முதலில் பழுதைப் பார்க்க வேண்டும்.

பிள்ளைகள் படிக்கும் வகுப்பில் விளக்கையோ காற்றாடியையோ குறைத்துக் கட்டணத்தை மிச்சம் பிடிக்கக் கூடாது. ஆளில்லாத அறையில் ஓடுவதை நிறுத்துவதே நோக்கம்.

மேலே கண்ட பள்ளிக் கணக்கில் வீணாவதில் பாதியை நிறுத்தினாலும் ஆண்டுக்கு 1,750 வெள்ளி. கோயில் விளக்கை மாற்றினால் ஆண்டுக்கு 2,160 வெள்ளி. ஒவ்வொரு வெள்ளியாக நன்கொடை திரட்டும் ஒரு சிறு தோட்டத்துக்கு இது கூரைத் தகரம் மாற்றவோ, மாலை நேர வகுப்பு நடத்தவோ உதவும் தொகை. அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் வரவு செலவு வாசிக்கும்போது, மின்கட்டணத்துக்குப் பக்கத்தில் யூனிட்டையும் வாசிக்கத் தொடங்கலாம்.