தண்ணீர் வடிவதற்குள் மனு எழுதுங்கள்

அடைமழையில் கொட்டகைச் சுவர் சரிந்து கறவை மாடு செத்துவிடுகிறது. நாறிப்போகுமே என்று அன்று மதியத்துக்குள் குழி வெட்டிப் புதைத்துவிடுகிறார்கள். நாலு நாள் கழித்து யாரோ சொல்லி கிராம நிர்வாக அலுவலரிடம் போனால், “பிரேதப் பரிசோதனைச் சான்று எங்கே?” என்கிறார். சான்று இல்லை, நிவாரணமும் இல்லை. காவிரிப் படுகையில் ஐப்பசி, கார்த்திகை தோறும் இதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறோம்.

மழை நாளில் சிறு விவசாயக் குடும்பத்தில் யாருக்கும் கை ஓயாது. ஒருவர் மண்வெட்டியோடு வடிகாலுக்கு ஓடுவார். ஒருவர் விதைநெல்லைப் பரண்மேல் ஏற்றுவார். பிள்ளைகள் ஆட்டுக்குட்டிகளைத் திண்ணைக்குத் தூக்கி வருவார்கள். இந்த ஓட்டத்தில் காகிதத்தை யாரும் நினைப்பதில்லை. இழந்ததற்கு ஈடு கேட்க அந்தக் காகிதத்தைத் தவிர வேறு வழியும் இல்லை.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். அரசு நிவாரணம் வேறு, பயிர்க் காப்பீடு வேறு. ஒன்று வந்துவிட்டது என்று மற்றதை விட்டுவிடாதீர்கள்.

நிவாரணம் பேரிடர் நிதியிலிருந்து வருவது. இதற்கு நீங்கள் பணம் எதுவும் கட்டியிருக்க வேண்டியதில்லை. 2024-இல் ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு தமிழக அரசு அறிவித்த தொகைகள் இவை: 33 சதவீதமோ அதற்கு மேலோ சேதமான நெல் உள்ளிட்ட இறவைப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய், அதாவது ஏக்கருக்குச் சுமார் 6,880, மானாவாரிப் பயிருக்கு ஹெக்டேருக்கு 8,500, பசு, எருது இறந்தால் 37,500, ஆட்டுக்கு 4,000, கோழிக்கு 100, சேதமடைந்த குடிசைக்கு 10,000.

இதைப் பெறச் செய்ய வேண்டியவை:

மாடோ ஆடோ இறந்தால் புதைக்காதீர்கள். கிராம நிர்வாக அலுவலருக்கும் அருகிலுள்ள கால்நடை மருத்துவருக்கும் உடனே தகவல் சொல்லுங்கள். மருத்துவர் பரிசோதித்துச் சான்று தந்த பிறகுதான் குழி. காதில் மாட்டிய அடையாள வில்லை தெரியும்படி படம் எடுத்து வையுங்கள்.

சுவர் விழுந்தால், மண்ணை அள்ளுவதற்கு முன் படம் எடுங்கள். வயல் மூழ்கியிருந்தால், தண்ணீர் நிற்கும்போதே எடுங்கள். வடிந்த பிறகு, “பயிர் பச்சையாகத்தானே நிற்கிறது” என்று சாலையில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போகும் அதிகாரிகள் உண்டு. வேர் அழுகியது வரப்பில் இறங்கிப் பார்க்கிறவருக்குத்தான் தெரியும். வருவாய்த் துறையும் வேளாண் துறையும் சேர்ந்து கணக்கெடுக்க வரும்போது வயலில் நில்லுங்கள். உங்கள் சர்வே எண்ணும் பரப்பும் சரியாகப் பதிவானதா என்று கேளுங்கள்.

இனி காப்பீடு. பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் 2016-இல் வந்தது. சம்பா நெல்லுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம், மீதிப் பிரீமியம் அரசுகளுடையது. சம்பாவுக்குக் கடைசித் தேதி பெரும்பாலும் நவம்பர் 15-ஐ ஒட்டி அமையும். தேதியை நீட்டிப்பார்கள் என்று காத்திருந்து ஏமாந்தவர்கள் ஏராளம். கடன் வாங்கியவர்களும் கவனியுங்கள்: 2020 முதல் அவர்களுக்கும் இது கட்டாயமில்லை. கூட்டுறவுச் சங்கத்தில் பிரீமியத்தைப் பிடித்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு இருந்துவிடாதீர்கள், போய்க் கேளுங்கள்.

கட்டுமிடம் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம், வங்கி அல்லது பொது சேவை மையம். கொண்டுபோக வேண்டியவை சிட்டா, கிராம நிர்வாக அலுவலர் தரும் நடப்புப் பசலி அடங்கல், ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம். குத்தகைக்காரர்களும் சேரலாம், சாகுபடி செய்வது நீங்கள்தான் என்பதற்கான சான்று வேண்டும்.

ரசீதை அங்கேயே நின்று படியுங்கள். வருவாய்க் கிராமம், சர்வே எண், பரப்பு, பயிர், கணக்கு எண் ஆகிய ஐந்தையும் சரிபாருங்கள். கிராமத்தின் பெயரை மாற்றித் தட்டச்சு செய்துவிட்டால், பக்கத்து வயல்காரருக்குப் பணம் வரும், உங்களுக்கு வராது. ஏனென்றால், ஊர் முழுக்க இழப்பா என்பதை அறுவடைப் பரிசோதனை விளைச்சலை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள்.

அறுத்து வயலில் காயப் போட்ட கதிர் 14 நாளுக்குள் புயலிலோ பருவம் தவறிய மழையிலோ கெட்டால், தனியாக இழப்பீடு கோரவும் திட்டத்தில் இடமுண்டு. உங்கள் மாவட்டத்தில் அந்தப் பிரிவு நடப்பில் உள்ளதா என்று வேளாண் உதவி இயக்குநர் அலுவலகத்தில் இப்போதே கேட்டு வையுங்கள். கெட்ட 72 மணி நேரத்துக்குள் 14447 எண்ணில் சொல்லிப் பதிவு எண்ணை வாங்கிக்கொள்ள வேண்டும். நாலாம் நாள் சொன்னால் பயனில்லை.

உயிரைப் பற்றியும் ஒரு வார்த்தை. மின்கம்பி அறுந்து வயலில் கிடந்தால், மாட்டைக் காப்பாற்றக்கூடத் தண்ணீரில் இறங்காதீர்கள். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987. மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறை 1077.

அதிகாரி அசையாவிட்டால்? “மேலிடத்து உத்தரவு வரவில்லை” என்ற பதிலைக் கேட்டுத் திரும்பி வராதீர்கள். வாய்ப்பேச்சுக்கு அலுவலகத்தில் மதிப்பில்லை. மனுவை இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். மறுத்தால் வட்டாட்சியருக்குப் பதிவு செய்த விரைவுத் தபாலில் அனுப்புங்கள். பிறகு ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டம், மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டம். அதற்கும் அசையாவிட்டால், 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில் “என் மனுமீது எடுத்த நடவடிக்கை என்ன?” என்று கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தந்தாக வேண்டும். நிவாரணம் யாரும் போடும் பிச்சையல்ல. கணக்கெடுப்பது சம்பளம் வாங்குகிறவர்களின் கடமை.

மறுபடியும் சொல்கிறேன்: சான்று வாங்காமல் புதைக்காதீர்கள், படம் எடுக்காமல் அள்ளாதீர்கள், ரசீதைப் படிக்காமல் மடிக்காதீர்கள். சம்பாவுக்கு இன்னும் பிரீமியம் கட்டாதவர்கள் நாளைக் காலையிலேயே அடங்கலை வாங்கிக்கொண்டு போய்க் கட்டிவிடுங்கள்.