தோலுக்குள் ஒரு கயிற்றுக் கட்டு

அத்திபெலேயில் குடியேறி வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் உழைப்பினால் காய்த்துப் போகாத கைகள் அரிது. பட்டறையில் இரும்பைப் பிடிக்கும் கையும், கட்டட வேலையில் செங்கல் சுமக்கும் கையும் நாள்தோறும் உராய்வைத் தாங்குகின்றன. ஆயினும் தோல் எளிதில் உரிந்து வீழ்வதில்லை. இதற்குக் காரணம் யாது?

நம் உடலுக்கு எலும்புக்கூடு இருப்பது போலவே, ஒவ்வோர் உயிரணுவினுள்ளும் ஒரு சட்டகம் உண்டு. அதில் மூவகை இழைகள் உள்ளன. மெல்லியது ஆக்டின், பருத்தது நுண்குழல், இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பருமன் உடையதே இடைநிலை இழை. இதன் குறுக்களவு ஏறத்தாழ 10 நானோமீட்டர். அதாவது ஒரு மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்கு!

தேங்காய் நார் கயிறாவதை நாம் அறிவோம். இவ்விழையும் அவ்வாறே உருவாகின்றது. இரண்டு புரதச் சரடுகள் ஒன்றையொன்று தழுவி முறுக்கிக்கொள்கின்றன. அத்தகைய இரு முறுக்குகள் எதிரெதிர்த் திசையில் இணைகின்றன. இவை பல சேர்ந்து வலுவான கயிறாகின்றன. இழுத்தால் நீளும், எளிதில் அறாது. தோலில் இக்கயிறு கெரட்டின் எனப்படும். முடியும் நகமும் இதனால் ஆனவையே. தசையில் டெஸ்மின், உயிரணுவின் உட்கருவில் லேமின் என இக்குடும்பத்தார் பலர்.

கெரட்டின் முறுக்குண்ட சுருளாக இருக்கலாம் என்று 1952-இல் இங்கிலாந்தில் பிரான்சிஸ் கிரிக் எடுத்துரைத்தார். 1954, 1955 ஆண்டுகளில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும், உயிரணுவுக்கு வெளியே திசுக்களைத் தாங்கும் கொலாஜன் என்னும் புரதம் மூன்று சரடுகளின் முறுக்கு என்று காட்டினர். ராமச்சந்திரன் பின்னர் நம் பெங்களூருக்கே வந்து, இந்திய விஞ்ஞானக் கழகத்தில் மூலக்கூறு உயிர் இயற்பியல் துறையை நிறுவினார் என்பது நமக்குப் பெருமை தருவது.

இனி, இக்கயிறு பழுதுற்றால் நேர்வது என்ன? சில குழந்தைகளுக்குச் செருப்பு உரசினாலும், தவழ்ந்தாலும் தோலில் கொப்புளம் எழும். கெரட்டின் 5 அல்லது 14 என்பவற்றின் மரபணுவில் நேரும் பிழையே இதற்குப் பெரும்பாலும் காரணம் என்பது 1991 முதல் தெளிவாயிற்று. இழை வலுவிழப்பதால், சிறு உராய்விலும் தோலின் அடி வரிசை உயிரணுக்கள் கிழிகின்றன.

அன்பர்களே, இங்கு ஒன்றை வற்புறுத்த விரும்புகிறோம். இது தொற்றுநோயன்று, தெய்வ குற்றமுமன்று, தாய் செய்த பிழையுமன்று. இப்பிழை பெற்றோரிடமிருந்து வரலாம். குழந்தையிடம் புதிதாகவும் தோன்றலாம். ஆகவே இத்தகைய குழந்தையைத் தெருவில் ஆடவிடாது ஒதுக்குதல் அறமாகாது. முற்றிலும் குணமாக்கும் மருந்து இன்னும் வரவில்லை. எனினும் மெல்லிய பருத்தி ஆடை, மென்மையான செருப்பு, வெப்பமும் வியர்வையும் மிகாத இடம் ஆகியவை துன்பத்தைக் குறைக்கும். கொப்புளத்தைப் பேணும் முறையைத் தோல் மருத்துவரிடமே கற்றுக்கொள்ள வேண்டும். கண்ட பச்சிலையையும் சூடு போடுதலையும் நாடலாகாது.

தனிச் சரடு அறும். முறுக்கிய கயிறு தாங்கும். ஊர் விட்டு வந்த நமக்கு இதை எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அண்டை வீட்டுக் குழந்தையின் துன்பத்தில் நாமும் ஒரு சரடாக இணைவோமாக!