லேப்டாப்பில் கேம் ஓடுமா? வாங்கும் முன் கேளுங்கள்!



நம்ம ஊர்ப் பெயரில் இருக்கும் ‘விம்கோ’ என்பது வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி என்ற தீப்பெட்டிக் கம்பெனியின் சுருக்கம். தீப்பெட்டி மேல் ஒட்டியிருக்கிற படத்தைப் பார்த்து, உள்ளே இருக்கும் குச்சி நல்லா எரியுமான்னு சொல்ல முடியுமா? முடியாது. லேப்டாப்பும் அப்படித்தான். அதை நான் எப்படிக் கற்றுக்கொண்டேன் என்று எழுதுகிறேன்.

என் அண்ணன் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படிக்கிறான். ஆட்டோகேட் வரைய லேப்டாப் வேண்டும். கூடவே கேம் விளையாடவும் வேண்டும் (இதை மட்டும் அம்மாவிடம் மெதுவாகச் சொன்னான்!). அம்மா சீட்டு எடுத்து 58,000 ரூபாய் கொடுத்தார்கள். ஒரு சனிக்கிழமை நானும் அண்ணனும் மெட்ரோ ஏறி மவுண்ட் ரோடு பக்கம் ஒரு கடைக்குப் போனோம்.

ஒல்லியான, அழகான லேப்டாப். மேலே ‘ஆர்.டி.எக்ஸ். 3050’ என்று ஸ்டிக்கர். “தம்பி, இது 12 ஜி.பி. கிராபிக்ஸ். எல்லா கேமும் பறக்கும்” என்றார் கடைக்காரர். அண்ணன் பணக்கவரை வெளியே எடுத்துவிட்டான். எனக்கு மட்டும் எதிர் வீட்டு அக்கா சொல்லி அனுப்பியது ஞாபகம் வந்தது. “பேரை மட்டும் பார்க்காதீங்க. மெமரி எவ்வளவு, வாட் எவ்வளவுன்னு கேளுங்க” என்று சொல்லியிருந்தார். கேட்டேன். “பாப்பா, அதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க” என்று சிரித்தார்.

யாரும் கேட்கவில்லை என்றால் நாம்தான் கேட்க வேண்டும். அதற்கு முதலில் விஷயம் புரிய வேண்டும் அல்லவா?

கிராபிக்ஸ் கார்டு என்ன செய்கிறது?

லேப்டாப் திரை என்பது சின்னச் சின்னப் புள்ளிகள். ஒரு வரிசைக்கு 1920, மொத்தம் 1080 வரிசை. பெருக்கினால் 20,73,600 புள்ளிகள். கேம் தடங்கல் இல்லாமல் ஓட நொடிக்கு 60 படம் வேண்டும். அப்படியென்றால் ஒரு நொடியில் 12,44,16,000 புள்ளிகளுக்கு நிறம் கண்டுபிடிக்க வேண்டும்!

பிராசசர் என்பது நம் கணக்கு ஆசிரியர் மாதிரி. கஷ்டமான கணக்கை வேகமாகப் போடுவார். ஆனால் லட்சக்கணக்கான சின்னக் கூட்டல்களை ஒருவரே போட்டால் எப்போது முடிப்பார்? பள்ளிக்கூடம் மொத்தத்துக்கும் ஆளுக்குக் கொஞ்சம் பிரித்துக் கொடுத்தால் சீக்கிரம் முடியும். கிராபிக்ஸ் கார்டு அந்தப் பள்ளிக்கூடம். லேப்டாப்பில் வரும் 4 ஜி.பி. 3050 கார்டுக்குள் 2048 குட்டிக் கோர்கள் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன.

எல்லா லேப்டாப்பிலும் தனி கார்டு இருக்காது. தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் தொடங்கியது. எதிர் வீட்டு அக்காவிடம் அந்த லேப்டாப் இருக்கிறது. அதில் பிராசசரோடு சேர்ந்த கிராபிக்ஸ்தான். படிப்புக்கு அதுவே போதுமாக இருந்தது.

கேள்வி 1: உண்மையான மெமரி எவ்வளவு?

கேமில் வரும் சாலை, கட்டிடம், மரம் எல்லாவற்றின் படமும் கார்டின் சொந்த மெமரியில் இருக்க வேண்டும். இடம் பத்தவில்லை என்றால் கேம் திக்கித் திக்கி ஓடும். கேம்கள் குறைந்தபட்சம் கேட்கும் மெமரியைப் பாருங்கள்:

* ஜி.டி.ஏ. வைஸ் சிட்டி (கம்ப்யூட்டருக்கு 2003-ல் வந்தது) – 32 எம்.பி.
* ஜி.டி.ஏ. 5 (கம்ப்யூட்டருக்கு 2015-ல் வந்தது) – 1 ஜி.பி.
* சைபர்பங்க் 2077 (2023-ல் மாற்றிய அளவு) – 6 ஜி.பி.

1 ஜி.பி. என்பது 1024 எம்.பி. அதாவது 12 வருஷத்தில் 32 மடங்கு! அதன்பின் எட்டே வருஷத்தில் இன்னும் 6 மடங்கு.

அப்போ கடைக்காரர் சொன்ன 12 ஜி.பி. நல்லதுதானே என்று நீங்கள் கேட்கலாம். அங்கேதான் சூட்சுமம். கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்று பட்டனையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்பார்மன்ஸ், பிறகு ஜி.பி.யு. என்று போங்கள். ‘டெடிகேட்டட்’ என்று இருப்பதுதான் கார்டின் சொந்த மெமரி. ‘ஷேர்டு’ என்பது லேப்டாப்பின் ராமிலிருந்து வாங்கும் கடன். அது வேகம் குறைந்தது. அந்த லேப்டாப்பில் சொந்தம் 4, கடன் 8. இரண்டையும் கூட்டித்தான் 12 என்று சொல்லியிருக்கிறார்! 3050-லேயே 4 ஜி.பி., 6 ஜி.பி. என இரண்டு வகை உண்டு. ஸ்டிக்கரில் அது தெரியாது.

கேள்வி 2: எத்தனை வாட்?

இதுதான் ரொம்ப முக்கியம். நம் வீட்டு ஃபேனை நினைத்துப் பாருங்கள். அதே ஃபேன்தான். ரெகுலேட்டரை 1-ல் வைத்தால் ஒரு காற்று, 5-ல் வைத்தால் வேறு காற்று. கிராபிக்ஸ் கார்டுக்கும் ரெகுலேட்டர் உண்டு. லேப்டாப்பில் வரும் 3050-க்கு 35 முதல் 80 வாட் வரை கொடுக்கலாம் என்று என்விடியா கம்பெனி சொல்கிறது. 4050-க்கு 35 முதல் 115 வரை. எவ்வளவு கொடுப்பது என்பதை லேப்டாப் செய்யும் கம்பெனி முடிவு செய்கிறது. ஒல்லி லேப்டாப்பில் சூடு வெளியேற இடம் இல்லை. அதனால் வாட்டைக் குறைத்து விடுகிறார்கள். பெயர் ஒன்று, வேகம் வேறு.

இதையும் கடையிலேயே பார்க்கலாம். என்விடியா கன்ட்ரோல் பேனலில் சிஸ்டம் இன்பர்மேஷன் என்ற இடத்தில் ‘மேக்சிமம் கிராபிக்ஸ் பவர்’ என்று எழுதியிருக்கும். அந்த லேப்டாப்பில் 40 வாட் என்று இருந்தது. அண்ணன் முகம் மாறிவிட்டது.

இன்னொரு விஷயம். யூடியூபில் 3050 என்று காட்டுவது சில நேரம் மேஜைக் கம்ப்யூட்டர் கார்டாக இருக்கும். 2022-ல் வந்த அந்த கார்டில் 2560 கோர், 8 ஜி.பி. மெமரி. 4 ஜி.பி. லேப்டாப் கார்டில் 2048 கோர்தான். அந்த வீடியோவை நம்பி லேப்டாப் வாங்கக் கூடாது.

கேள்வி 3: நாம் விளையாடப் போவது எது?

வேலரன்ட் மாதிரி லேசான கேமுக்கு தனி கார்டே கட்டாயம் இல்லை. ஜி.டி.ஏ. 5-க்கு 4 ஜி.பி. 3050 தாராளம். ஆனால் சைபர்பங்க் மாதிரி கேமுக்கு 4 ஜி.பி. பத்தாது. ஓடவில்லை என்றால் திரை அளவை 1280 × 720 ஆகக் குறைக்கலாம். புள்ளிகள் 9,21,600 ஆகிவிடும். வேலை பாதிக்கும் கீழே குறையும். படம் கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான். ஆகவே ‘எல்லா கேமும் பறக்கும்’ என்ற கார்டு நடுத்தர விலையில் கிடையாது. நமக்கு வேண்டிய கேம் ஓடுமா என்பதுதான் கேள்வி.

பிறகு என்ன நடந்தது?

அன்று வாங்காமல் திரும்பினோம். மெட்ரோவில் விம்கோ நகர் வரும்வரை அண்ணன் என்னோடு பேசவே இல்லை. அடுத்த வாரம் வேறு கடையில் அதே 3050, அதே 4 ஜி.பி., ஆனால் 75 வாட் உள்ள லேப்டாப் பார்த்தோம். குண்டாக இருந்தது. விலை 60,000. மீதி 2,000-ஐ அம்மா எப்படிப் புரட்டினார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். நம் வீடுகளில் லேப்டாப் என்பது ஒருமுறைதான் வாங்குவோம். ஏமாந்தால் திரும்ப வாங்க முடியாது.

வாங்கிய பின் கவனிக்க:

* மெத்தை மேல் வைக்காதீர்கள். அடியில் உள்ள காற்றுத்துளை அடைத்துக்கொள்ளும். சூடு ஏறினால் கார்டு தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.
* நம்ம பக்கம் லாரித் தூசி அதிகம். காற்றுத்துளையை அடிக்கடி பிரஷ்ஷால் துடையுங்கள்.
* சார்ஜர் போட்டு விளையாடுங்கள். பேட்டரியில் கார்டுக்கு முழு வாட் கிடைக்காது.

அண்ணன் இப்போது முதலில் ஆட்டோகேட், பிறகு ஒரு மணி நேரம் கேம் என்று அம்மாவிடம் ஒப்பந்தம் போட்டிருக்கிறான். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு அல்லவா!

ஸ்டிக்கரைப் பார்க்காதே, வாட்டைக் கேள்!



– 9-ஆம் வகுப்பு மாணவி