சண்டை திடலோடு போகட்டும்

பக்கத்துத் தோட்டத்தோடு காற்பந்து என்றால் நம்மவர்களுக்குச் சோறு தண்ணி வேண்டாம். அன்றைக்கு மாமன் மச்சான்கூட முகம் பார்க்க மாட்டார்கள். காம்பார் பக்கம் இது தெரியாதவர் யார்?

கொல்கத்தாவில் ஒரே ஊருக்குள் இரண்டு கிளப்புகள். மோகன் பகான் 1889-இல் பிறந்தது. கிழக்கு வங்காளத்து ஆட்டக்காரர் ஒருவரை ஓர் ஆட்டத்தில் ஒதுக்கிய கோபத்தில் 1920-இல் ஈஸ்ட் பெங்கால் பிறந்தது. பிரிவினையில் வீடு வாசலை விட்டு வந்த ஜனங்கள் அதைத் தங்கள் மானமாகவே நினைத்தார்கள். பிழைக்க வந்த நமக்கு அந்த மனசு புரியாதா?

ஆனால் 1980 ஆகஸ்ட் 16-ஆம் தேதி ஈடன் கார்டன் அரங்கில் ரசிகர்கள் அடித்துக்கொண்டார்கள். கலவரத்திலும் நெரிசலிலும் 16 பேர் செத்தார்கள். அவர்கள் நினைவாக அந்நாளில் ரத்ததானம் செய்கிறார்கள். ரத்தத்துக்கு ஏதுங்க கிளப்பு?

2024 ஆகஸ்டில் அங்கே ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் கொல்லப்பட்டார். ஊரே கொதித்தது. பாதுகாப்பைக் காரணம் காட்டி இரு கிளப்புகளின் ஆட்டத்தை ரத்து செய்தார்கள். இரு தரப்பு ரசிகர்களும் தோளோடு தோள் நின்று நியாயம் கேட்டார்கள்.

தோழர்களே, திடலில் நன்றாக மோதுவோம். சம்பளம், வீடு என்று வந்தால் நாமெல்லாம் ஒரே கட்சி!