தாளம் துணையாக நடப்போம்

ஆடித்தபசு நாளில் சங்கரன்கோவில் வீதியில் தவில் முழங்கும்போது நம் கால்கள் தாமாகவே தாளமிடுகின்றன. பக்கவாதத்தாலும் பார்க்கின்சன் நோயாலும் நடை தளர்ந்தோருக்கு இவ்வியல்பு உதவுவதை 1996, 1997ஆம் ஆண்டுகளில் வெளியான மைக்கேல் தாட் குழுவினரின் ஆய்வுகள் காட்டின.

இசை பயில்வோர் கையாளும் 'ஹைட்ரஜன்' என்னும் தாள மென்பொருள் கணினிக்குக் கட்டணமின்றிக் கிடைக்கிறது. நோயாளி ஒரு நிமிடத்தில் எடுத்துவைக்கும் அடிகளை எண்ணுங்கள். அறுபது அடியெனில், தாளத்தையும் நிமிடத்துக்கு 60 தட்டாக அமையுங்கள். நடை சீரான பின்னரே, இயன்முறை மருத்துவர் கூறும் அளவில் வேகத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டலாம்.

பயிற்சியின்போது துணைவர் ஒருவர் நோயாளியின் தளர்ந்த பக்கத்தில் உடன் நடத்தல் வேண்டும். கால் தடுமாறினால் உடனே தாளத்தை நிறுத்துங்கள். விரைந்து நடப்பதைவிட விழாமல் நடப்பதே முதன்மையானது.