ஈயக் குண்டின் மூக்கை நசுக்காமல் அழுத்துவது எப்படி?

2024 ஆகஸ்ட் 1 அன்று பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் ரைஃபிள் போட்டியில் வெண்கலம் வென்றார். கோலாப்பூர் மாவட்டத்துக் கிராமத்தில் பிறந்தவர். அப்போது புனேயில் ரயில்வே வேலை, பாலேவாடி மைதானத்தில் பயிற்சி. அந்தப் போட்டியில் சுடுவது .22 அங்குலத் தோட்டா. அதன் ஈய முனையைத் தொட்டால் விரலில் லேசாகப் பிசுபிசுக்கும். அது அழுக்கல்ல, வேண்டுமென்றே பூசிய மசகு.

ஈயம் மெத்தென்ற உலோகம். துப்பாக்கிக் குழலுக்குள் சுழல் வரிப்பள்ளங்கள் உண்டு. குண்டு அவற்றில் இறுகிப் பிடித்தால்தான் சுழலும், சுழன்றால்தான் நேராகப் போகும். இறுகி உரசும்போது ஈயம் உரிந்து குழலில் ஒட்டுகிறது. ஒட்டிய ஈயம் அடுத்த குண்டின் குறியைக் கெடுக்கும். அதைத் தடுக்கத்தான் மெழுகு, கொழுப்பு, எண்ணெய்.

இந்த மசகு நம் வரலாற்றையே ஒருமுறை புரட்டிப் போட்டது. 1857இல் என்ஃபீல்டு துப்பாக்கியின் காகிதத் தோட்டாவில் தடவிய கொழுப்பு பசுவுடையதா பன்றியுடையதா என்ற சந்தேகம் சிப்பாய்களைக் கொதிக்க வைத்தது. 12 ஆண்டுகள் கழித்து, 1869இல், புனேயை அடுத்த கட்கியில் வெடிமருந்துத் தொழிற்சாலை தொடங்கியது. இன்றும் அது இயங்குகிறது. அங்கே செய்த பழைய தோட்டாக்களின் அடிப்பகுதியில் பொறித்திருக்கும் ‘கே.எஃப்.’, கிர்கீ தொழிற்சாலையின் சுருக்கம். கட்கியை ஆங்கிலேயர் அப்படித்தான் எழுதினார்கள். ராணுவக் குண்டுகளுக்குச் செம்புக் கலவையில் உறை வந்த பிறகு இந்த மசகுக்கு அங்கே வேலை குறைந்துவிட்டது.

உறையில்லாத வார்ப்புக் குண்டு இன்று பெரும்பாலும் அமெரிக்கா போன்ற நாடுகளின் பொழுதுபோக்குக்காரர்களிடம் இருக்கிறது. ஈயக் கலவையை உருக்கி அச்சில் ஊற்றி எடுத்தால் குண்டு தேவையான அளவைவிடச் சற்றுப் பருத்திருக்கும், வட்டமும் துல்லியமாக இராது. அதை ‘டை’ எனும் அளவுத் துளைக்குள் அழுத்தி அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அந்த அளவு குழலின் வரிப்பள்ளத்து விட்டத்தைவிட ஒரு அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு கூடுதலாக இருக்கும்படி பார்ப்பது வழக்கம். அதாவது 0.025 மில்லிமீட்டர். குண்டு டைக்குள் நிற்கும்போதே, டையின் சுவரிலுள்ள துளைகள் வழியாக மெழுகுக் கலவை வந்து குண்டைச் சுற்றியுள்ள பள்ளங்களை நிரப்பும். அளவும் மசகும் ஒரே அழுத்தில் முடியும்.

குண்டு அடிப்பக்கம் கீழாக டையின் வாயில் நிற்கிறது. மேலிருந்து மூக்கின், அதாவது குண்டு முனையின், மீது இறங்கி அதை உள்ளே தள்ளுவதுதான் மூக்குப் பஞ்ச். சிக்கல் எல்லாம் இங்கேதான். பஞ்சின் குழிவு மூக்கைவிட அகலமாக இருந்தால் குண்டு உள்ளே ஆடும், சாய்ந்தபடி இறங்கும், ஒரு பக்கம் அதிகமாகச் சுரண்டப்படும். அப்படிச் சாய்ந்த குண்டு குழலை விட்டு வெளியே வந்ததும் தள்ளாடும். குழிவு குறுகலாக இருந்தால் அதன் விளிம்பு மூக்கில் வளையமாக வெட்டும். ஆழம் போதாவிட்டால் மொத்த விசையும் நுனியில் விழுந்து அதைச் சப்பையாக்கும்.

ஆகவே நல்ல பஞ்ச், மூக்கின் வளைவை அதன் பக்கவாட்டில் அகலமாகப் பற்றும். நுனிக்கு நேரே கொஞ்சம் இடம் விட்டிருக்கும். விசை பரவினால் ஈயம் நசுங்காது. பஞ்சின் வெளிவிட்டம் டையின் துளையைவிடச் சிறிதாக இருக்க வேண்டும், இல்லையேல் டையின் வாயில் இடிக்கும். பஞ்சை இறுக்கிப் பூட்டாமல் துளி ஆட விடுவோரும் உண்டு. குண்டோடு சேர்ந்து அதுவே நேராகிக்கொள்ளும். தட்டை மூக்குக் குண்டுக்குத் தட்டைப் பஞ்சே போதும். வளைவு மூக்குகளுக்குத்தான் தலைவலி. ஒவ்வொரு அச்சின் வளைவும் வேறு. கடையில் வாங்கும் பஞ்ச் பல நேரம் ஏறத்தாழத்தான் பொருந்தும். அதற்கு ஒரு கைவேலை இருக்கிறது: அகலமான குழிவில் எபாக்ஸி பசையை நிரப்பி, ஒட்டாதிருக்க எண்ணெய் தடவிய குண்டை அதில் நேராக நிறுத்தி இறுக விடுவார்கள். அந்தக் குண்டுக்கே உரிய பஞ்ச் கிடைத்துவிடும்.

என்னைக் கேட்டால் இதைவிடக் கெட்டிக்கார வழி, குண்டைக் கவிழ்த்துவிடுவது. மூக்கு முன்னே போக, பஞ்ச் அடிப்பாகத்தைத் தள்ளுகிறது. பெரும்பாலான குண்டுகளின் அடிப்பாகம் தட்டை என்பதால் வளைவைப் பொருத்தும் வேலையே இல்லை. அந்த முறையில் இயங்கும் கருவிகளும் சந்தையில் உண்டு.

ஆனால் இதை வீட்டில் செய்து பார்க்க நினைக்க வேண்டாம்: இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். துப்பாக்கி வைத்திருக்க வாங்கிய உரிமம் இதற்குச் செல்லாது.