மூன்றுக்குள் இருக்கும் இரண்டு

மாணவர்களே! பாரம்பரியம் என்றதும் ‘மூன்றுக்கு ஒன்று’ என்று உடனே விடையிறுப்பீர்கள். நெடுங்காலம் வகுப்பறையில் நான் கேட்ட விடைதான் அது. அந்த மூன்றும் ஒரே தன்மையனவோ என்று வினவினால்தான் வகுப்பு அமைதியாகிவிடும்.

இன்று செக் நாட்டிலுள்ள பிர்னோ நகரின் மடத்துத் தோட்டத்தில், 1856 முதல் 1863 வரை பட்டாணிச் செடிகளை ஆராய்ந்தார் கிரிகோர் மெண்டல் என்னும் துறவி. ஆசிரியர் தேர்வில் தேறாதவர் அவர்; தேர்வில் தவறிய பிள்ளைகளிடம் இதை நான் அடிக்கடி சொல்வதுண்டு.

பட்டாணிப் பூ தன் மகரந்தத்தாலேயே கருவுறுவது. ஆகவே அவர் மொட்டைத் திறந்து, மகரந்தப் பைகளை முதிருமுன்னரே நீக்கிவிட்டு, வேறு செடியின் மகரந்தத்தைச் சூல்முடியில் தடவினார். உருண்டை விதை வகையையும் சுருங்கிய விதை வகையையும் இவ்வாறு கலந்தபோது கிடைத்தவை யாவும் உருண்டை விதைகளே. பெற்றோரின் பண்புகள் பாலும் நீரும்போல் கலந்துவிடும் என அக்காலத்தில் பலர் எண்ணினர். அது மெய்யானால் பாதி சுருங்கிய விதையன்றோ தோன்றியிருக்க வேண்டும்?

அவ்விதைகளை விதைத்து, தாமே கருவுற விட்டார். 253 செடிகளில் 7324 விதைகள் கிடைத்தன. பொறுமையுடன் எண்ணினார்: உருண்டை 5474, சுருங்கியவை 1850. காணாமற்போன சுருக்கம் சற்றும் சிதையாமல் மீண்டுவிட்டது!

நம் பாடநூல்கள் பல இங்கே நின்றுவிடுகின்றன, மெண்டல் நிற்கவில்லை. அந்த உருண்டை விதைகளிலிருந்து 565 செடிகளை வளர்த்தார். 193 செடிகள் உருண்டை விதைகளை மட்டுமே தந்தன. 372 செடிகள் இருவகையும் தந்தன. ஏறத்தாழ ஒன்றுக்கு இரண்டு. தோற்றம் ஒன்றே, உள்ளிருப்பு வேறு.

காரணத்தை அறிய இரண்டு நாணயங்களைச் சேர்த்துப் பலமுறை சுண்டிப் பாருங்கள். நான்கில் ஒரு பங்கு இரண்டும் தலை. இரு பங்கு ஒன்று தலை, ஒன்று பூ. ஒரு பங்கு இரண்டும் பூ. செடியிலும் ஒரு பண்புக்குக் காரணிகள் இரண்டு. மகரந்தமும் சூலும் ஆளுக்கொன்றையே கொண்டுவருகின்றன. ‘தலை’ ஒன்றேனும் இருந்தால் விதை உருண்டையாகும்.

1865இல் படித்து 1866இல் அச்சேறிய இக்கட்டுரையை 1900 வரை மிகச் சிலரே பொருட்படுத்தினர். மெண்டலோ 1884இலேயே மறைந்தார். சுருக்கத்தின் மூலம் 1990இல் வெளிப்பட்டது. மாவுப்பொருளை உருவாக்கும் நொதி ஒன்றின் மரபணுவில் வேறொரு டி.என்.ஏ. துண்டு புகுந்து அதைக் கெடுத்திருந்தது. அதனால் விதையில் சர்க்கரை மிகுகிறது. சர்க்கரை நீரை மிகுதியாக ஈர்க்கிறது. காயும்போது அந்நீர் வெளியேற, விதை சுருங்குகிறது. கெடாத மரபணு ஒன்றிருந்தாலே வேண்டிய நொதி கிடைத்துவிடும். உருண்டை ஓங்குவது அதனால்தான்.